வியாழக்கிழமை மகாநாடு

பதுளை
1926 பெப்ரவரி 1

தம்பி வடிவேல்,

ஊத்துக்கல் தோட்டத்து மாடசாமிக்கு வேலை நீக்க நோட்டீஸ் கொடுக்கப்பட்டிருப்பது உறுதி. நேற்று ஞாயிற்றுக்கிழமை தெமோதரை ரயில் நிலையத்தில் இறங்கி, தோட்டத்துக்கு ஏறிப் போய், துரையின் கையெழுத்தோடு அதைக் கண்ணால் பார்த்தேன். எழுதியிருக்கும் காரணம் ஒன்றுதான்: ஜனவரி 21, வியாழக்கிழமை, காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக்கு அனுமதியில்லாமல் வராதது. இந்த மாதம் 28ஆம் தேதி மாலைக்குள் அவரும் அவர் மனைவி பரிமளமும் லயத்து அறையைக் காலி செய்ய வேண்டும். அன்று இருவருக்கும், அடுத்த தோட்டத்தில் காட்ட வேண்டிய விலகல் சான்றான பத்துச்சீட்டு கையில் கொடுக்கப்படும்.

அந்த வியாழக்கிழமை காலை மாடசாமி எங்கே இருந்தார் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஊவா இந்தியர் மகாசபையின் ஐந்தாவது மகாநாட்டுப் பந்தலில், என் நிருபர் மேசைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். சபையின் காரியதரிசியாகிய நீதான் "ஊத்துக்கல் தோட்டப் பிரதிநிதி" என்று அவர் பெயரைக் கூப்பிட்டாய். நாற்பது தோட்டங்களுக்காக வந்திருந்த நாற்பது பிரதிநிதிகளில் கொழுந்துக் கூடையும் மண் கிளறும் முள்ளும் பிடிக்கிற கை அவருடையது மட்டும். மற்றவர்கள் ஆட்களை வேலை வாங்கும் கங்காணிமாரும் கணக்கப்பிள்ளைமாரும்.

அவர் பேசியதை நான் எழுதி வைத்திருக்கிறேன். "எங்க லயத்துக் கூரையப் பத்திப் பேசுறதுக்கு பெரியகங்காணி எதுக்குங்க? ஒழுகுறது அவரு வீட்டுலயா?" என்றார். பந்தல் சிரித்தது. முன்வரிசையில் இருந்த ஊத்துக்கல் பெரியகங்காணி வீரசிங்கம் சிரிக்கவில்லை.

"லீவ நான் பாத்துக்கிறேன், நீ வந்துரு" என்று மகாநாட்டுக்கு முன்பு நீ சொன்னதாக மாடசாமி சொல்கிறார். நீ அப்படிச் சொன்னாயா? சொல்லியிருந்தால், சபை இப்போது என்ன செய்யப் போகிறது?

ஐந்தாண்டு மலருக்காகச் சபையின் பொறுப்பாளர்கள், பிரதிநிதிகள் வரலாற்றை எழுதித் தரும்படி கேட்டிருந்தாய். தொடங்கிவிட்டேன். இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் அதை முடிக்க வழியில்லை.

உன் துணிக்கடை என் மாடி ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கிறது. இருந்தும் தபாலில் போடுகிறேன். நேரில் வந்தால் நீ தேநீர் வரவழைப்பாய். அதைக் குடித்துவிட்டுக் கேள்வி கேட்பது கஷ்டம்.

ஜுனைதீன்


சிவமயம்

பதுளை
1926 பெப்ரவரி 4

அன்புள்ள ஜுனைதீன் நானாவுக்கு,

வடிவேல் எழுதிக்கொண்டது. தெருவைத் தாண்டி வர நாலு எட்டு. அதற்குத் தபால் தலை ஒட்டுகிறீர்கள். கடையில் எல்லோரும் சிரிக்கிறார்கள். சரி, உங்கள் வழிக்கே வருகிறேன்.

மாடசாமி விஷயம் கேள்விப்பட்டு எனக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. நான் அவனிடம் "பார்த்துக்கலாம்" என்றுதான் சொன்னேன். "பார்த்துக்கிறேன்" என்று சொன்னேனா என்பது எனக்கு ஞாபகமில்லை. துரைக்குச் சபையின் பெயரில் ஒரு கடிதம் போட்டேன். பதில் வரவில்லை. நான் வேறு என்ன செய்ய முடியும்? வெள்ளைக்காரன் பங்களாவுக்குப் போய்க் கதவைத் தட்டவா?

மகாநாட்டை ஏன் வியாழக்கிழமை வைத்தாய் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வரியிலும் அந்தக் கேள்விதான் இருக்கிறது. இந்தத் தெருவிலேயே இருபது வருடமாகக் குடியிருக்கிறீர்கள், ஞாயிற்றுக்கிழமை இங்கே எப்படி இருக்கும் என்று தெரியாதா? தோட்டத்துச் சனமெல்லாம் சாமான் வாங்க இறங்குகிற நாள் அது ஒன்றுதான். அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டுப் பந்தலில் வந்து உட்காருங்கள் என்றால் எந்த முதலாளி வருவான்? பந்தல் போட்டவர்கள் அவர்கள். சோறு போட்டவர்கள் அவர்கள். கொழும்பிலிருந்து வந்த அக்கிராசனருக்கும் வார நடுவில்தான் தோது. பஞ்சாங்கத்திலும் நல்ல நாளாக இருந்தது.

ஒரு விஷயம் மனதில் வைத்துக்கொண்டிருக்கப் பிடிக்கவில்லை. சொல்லிவிடுகிறேன். அந்தக் கூரைப் பேச்சை நீங்கள் பத்திரிகையில் போட்டீர்கள். பேரைப் போட்டு, தோட்டத்தின் பேரையும் போட்டீர்கள். துரையின் ஆபீசில் தமிழ்ப் பத்திரிகையைப் படித்துச் சொல்ல ஆள் இருக்கிறது. "ஒரு பிரதிநிதி" என்று போட்டிருந்தால் இன்றைக்கு அவன் லயத்தில் இருப்பான். உங்களுக்கு ஒரு நல்ல வரி கிடைத்தது. அவனுக்கு வீடு போனது.

மலருக்கு உங்கள் கட்டுரை 20ஆம் தேதிக்குள் வேண்டும். இந்தச் சங்கதி அதில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மலர் என்பது நல்ல காரியத்துக்குப் போடுவது.

இப்படிக்கு,
வடிவேல்


பதுளை
1926 பெப்ரவரி 9

தம்பி வடிவேல்,

பத்திரிகையால்தான் மாடசாமிக்கு வேலை போனது என்று எழுதியிருந்தாய். அது பாரமான குற்றச்சாட்டு என்பதால் திரும்பவும் தோட்டத்துக்குப் போய்ச் சரிபார்த்தேன். நோட்டீசில் இருக்கும் தேதி ஜனவரி 22, வெள்ளிக்கிழமை. நம் பத்திரிகை கொழும்பில் அச்சானது 23, சனிக்கிழமை. பதுளைக்கு வந்தது அதற்கும் மறுநாள். அச்சாகாத பத்திரிகையைத் துரைக்கு யாரும் படித்துச் சொல்லியிருக்க முடியாது.

தோட்டத்து ஆபீசில் இருக்கும் ஒருவர் சொன்னது இது. அவர் பெயரை எழுத மாட்டேன். மகாநாடு முடிந்த அன்று மாலையே வீரசிங்கம் பங்களாவுக்குப் போனார். "மாடசாமி இன்னைக்கு பெரட்டுல இல்லீங்க தொர" என்றார். தானும் அன்று தோட்டத்தில் இல்லை என்பதை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெரியகங்காணி எங்கே போனார் என்று துரை கேட்பதில்லை.

மலருக்கான வரலாற்றில் இந்த இடத்துக்குத்தான் இப்போது வந்திருக்கிறேன். கோபப்படாமல் வாசி.

முதல் மகாநாடு 1922இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடியது. பூனாகலையிலிருந்து வந்தவர்கள் சனிக்கிழமை வேலை முடிந்ததும் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் நடக்கத் தொடங்கி, விடியும்போது பதுளைக்கு வந்து சேர்ந்தார்கள். அன்று நாற்பது தோட்டப் பிரதிநிதிகளில் முப்பத்தொரு பேர் தொழிலாளர். அவர்களில் ஒருவர் உப அக்கிராசனரானார். அடுத்த இரண்டு வருடமும் ஏறக்குறைய அப்படித்தான். பதுளைக்கு ரயில் வந்ததற்கு மறு வருடம் மகாநாட்டை வியாழக்கிழமைக்கு மாற்றினீர்கள். அந்த வருடம் வந்த தொழிலாளர் ஆறு பேர். இந்த வருடம் ஒருவர். மற்ற இடங்களுக்குக் கங்காணிமார் வந்தார்கள், ஏனென்றால் அவர்கள் யாரிடமும் லீவு கேட்க வேண்டியதில்லை. இப்போதைய உப அக்கிராசனர் வீரசிங்கம். தொழிலாளரைச் சபையை விட்டுப் போகச் சொல்லி யாரும் தீர்மானம் போடவில்லை. நாளை மாற்றியதே போதுமாக இருந்தது.

இன்னொரு செய்தி காதில் விழுந்திருக்கிறது. அதை நீதான் உறுதிசெய்ய வேண்டும். மாடசாமியின் பிரதிநிதி இடத்தைத் தனக்குத் தரும்படி வீரசிங்கம் சபைக்கு எழுதியிருக்கிறாராம். அதற்கு ஆதாரமாக ஏழாம் விதியைக் காட்டியிருக்கிறாராம். உண்மையா?

ஜுனைதீன்


சிவமயம்

பதுளை
1926 பெப்ரவரி 13

பத்திரிகை நிருபர் ஜனாப் ஜுனைதீன் அவர்களுக்கு,

கேட்டதற்குப் பதில்: உண்மை. வீரசிங்கத்தின் கடிதம் 8ஆம் தேதி வந்தது. நிர்வாகக் கமிட்டி 25ஆம் தேதி கூடி அதைப் பரிசீலிக்கும்.

ஏழாம் விதி என்ன சொல்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. "தோட்டப் பிரதிநிதி, தான் எந்தத் தோட்டத்துக்காகப் பேசுகிறாரோ அந்தத் தோட்டத்திலேயே குடியிருப்பவராக இருக்க வேண்டும்." வார்த்தை உங்களுடையது. எண்ணம் என்னுடையது. டவுன் வக்கீல்மார் தோட்டத்து இடங்களில் ஏறி உட்கார்ந்துவிடக் கூடாது என்று உங்கள் மாடியில் உட்கார்ந்து எழுதினோம். வாசித்தபோது பந்தலே கைதட்டியது. லயமும் துரையுடையது, பெரட்டுக்களமும் துரையுடையது, வேலை போனால் கூரையும் போகும் என்பது அன்றைக்கு நம் இருவர் புத்திக்கும் எட்டவில்லை. இப்போது மாடசாமி லயத்தை விட்டு இறங்கினால் பிரதிநிதி இல்லை. விதி விதிதான். நான் என்ன செய்யட்டும்?

நீங்கள் பென்சிலும் கையுமாக மேசையில் உட்கார்ந்துவிட்டுப் போகிறீர்கள். சபையை நடத்துகிறவன் நான். பெரியகங்காணி மனம் வைத்தால் ஒரு தோட்டமே சந்தா கட்டும். மனம் வைக்காவிட்டால் ஒரு ஆள் வர மாட்டான். இதையும் உங்கள் வரலாற்றில் எழுதுங்கள்.

நான் கல்நெஞ்சன் என்று நினைக்காதீர்கள். மாடசாமியும் அவன் பெண்சாதியும் போன ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்தார்கள். நல்ல வியாபார நேரம். இருந்தும் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். அவன் நின்றுகொண்டே இருந்தான்.

"மொதலாளி, தொரகிட்ட பேசுனீங்களா?" என்றான்.

"கடிதம் போட்டிருக்கேன்டா. பதில் வரல. நீ ஏன் கவலைப்படுற? என் சரக்குக் கிட்டங்கியில வேல தர்றேன். பின்னால அறை இருக்கு. புருசனும் பொஞ்சாதியும் வந்து இருங்க."

"கிட்டங்கியில இருந்தா நான் ஒங்க ஆளுங்க. லயத்துல இருந்தாத்தான் சபைக்கு ஆளு. நீங்கதானே விதி எழுதுனீங்க?"

அவன் பெண்சாதி பரிமளம் அதுவரைக்கும் தறித் துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி, "எழுதுனதுதான் எழுதுனீங்க, எங்க லயத்துக்கு நாலு தகரம்னு ஒரு வரி சேத்து எழுதியிருக்கலாமுல்ல மொதலாளி? அதுக்கு மை தீந்து போச்சா?" என்றாள். கடையில் இருந்த சனம் முழுவதும் கேட்டது. பத்து வருடமாக என் கடையில் சேலை எடுக்கிறவள். அன்றைக்கு ஒன்றும் எடுக்காமல் போனாள்.

நல்லது செய்யப் போனவனுக்குக் கிடைத்தது இது.

வடிவேல்
காரியதரிசி


பதுளை
1926 பெப்ரவரி 15

காரியதரிசி அவர்களுக்கு,

விதியை எழுதியவர்கள் அதைத் திருத்தவும் முடியும். ஒரு வரி போதும்: "மகாநாட்டுக்கு வந்த காரணத்தால் தோட்டத்திலிருந்து விலக்கப்பட்டவர், அந்த ஆண்டு முடியும்வரை பிரதிநிதியாகவே இருப்பார்."

கமிட்டியில் திருத்தம் கொண்டுவர ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். கூட்டம் 25ஆம் தேதி என்பதால் கடைசி நாள் 18, வியாழக்கிழமை. நான் சபை அங்கத்தினன் அல்ல. நிருபர் அங்கத்தினராக இருக்கக் கூடாது என்று நானே விலகி நின்றேன். ஆகவே என்னால் முடியாது. உன்னால் முடியும்.

பென்சில் பிடிக்கிறவன் என்று நீ எழுதியது சரி. அந்த வரியை உன் மையில் எழுதிக் கொடு என்றுதான் கேட்கிறேன்.

ஜுனைதீன்


பதுளை
1926 பெப்ரவரி 20

ஜுனைதீன் நானாவுக்கு,

நீங்கள் எழுதிய வரியை என் கையால் படியெடுத்தேன். 17ஆம் தேதி அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊத்துக்கல் வீரசிங்கத்தைத் தவிர மற்றக் கமிட்டி அங்கத்தினர் வீடுகளுக்கெல்லாம் ஏறி இறங்கினேன். புஹாரி முதலாளி மட்டும் "கொண்டு வாங்க, நான் கை தூக்குறன்" என்றார். இன்னும் இரண்டு பேர் பார்க்கலாம் என்றார்கள். மற்றவர்கள் தேநீர் கொடுத்தார்கள்.

"இதக் கொண்டுவந்தா நாளைக்கு தோட்டத்தவிட்டுத் தொரத்துற ஒவ்வொருத்தனும் பிரதிநிதியாக வந்து நிப்பான். கங்காணிமார் சபையையே விட்டுப் போயிருவாங்க. அதுக்குப் பொறவு யார வச்சுச் சபை நடத்தப் போறீங்க? நானும் நீங்களுமா?" என்று ஒருவர் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

தோற்கிற திருத்தத்தைக் கொண்டுவந்து சபையை உடைப்பதைவிட, சபையை வைத்துக்கொண்டு அடுத்த வருடம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். காகிதம் இன்னும் பையில்தான் இருக்கிறது. சட்டையை வெளுக்கப் போடும்போது எடுத்து வைக்கிறேன், பிறகு திரும்பவும் பையில் போட்டுக்கொள்கிறேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

ஒரு சத்தியம் செய்து தருகிறேன், நானா. 25ஆம் தேதி மாடசாமிக்கு எதிராக என் கை எழாது. இது என் பிள்ளைகள் மேல் ஆணை.

மலர் அச்சுக்குப் போக வேண்டும். பொறுப்பாளர் பெயர்களை மட்டுமாவது அனுப்புங்கள். பிரதிநிதிகள் பகுதியை விட்டுவிடலாம்.

வடிவேல்


ஊவா இந்தியர் மகாசபை
பதுளை
1926 பெப்ரவரி 26

நிருபர் அவர்களுக்கு, பிரசுரத்துக்காக.

நேற்றுக் கூடிய நிர்வாகக் கமிட்டி, ஏழாம் விதிப்படி ஊத்துக்கல் தோட்டப் பிரதிநிதி இடம் காலியானதாகத் தீர்மானித்தது. அந்த இடத்துக்கான பெயர் மார்ச் 25ஆம் தேதி கூடும் பொதுக்கூட்டத்தில் முடிவு செய்யப்படும்.

வடிவேல்
காரியதரிசி

நானா, நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். விசாரித்துப் பாருங்கள்.


பதுளை
1926 மார்ச் 1

வடிவேலுக்கு,

விசாரித்தேன். வீரசிங்கம் தன் விஷயம் என்பதால் வெளியே உட்கார்ந்திருந்தார். அக்கிராசனருக்கு வாக்கு இல்லை. மிச்சம் எட்டுப் பேர். இடம் காலி என்று நாலு கை எழுந்தது. இல்லை என்று மூன்று கை எழுந்தது. இதைச் சொன்னவர் புஹாரி. அந்த மூன்றில் ஒன்று அவருடையது. எட்டாவது ஆள் நீ. உன் கை மினிட் புத்தகத்தின் மேல் இருந்ததாம். மாடசாமிக்கு எதிராக அது எழவில்லை என்பது உண்மை. சத்தியத்தை எழுத்துக்கு எழுத்துக் காப்பாற்றியிருக்கிறாய். அவருக்காக எழுந்திருந்தால் நாலுக்கு நாலு ஆகியிருக்கும். சமமாகப் போன தீர்மானம் விழும் என்பது உங்கள் சபையின் வழக்கம். நீதான் எனக்கு அதைச் சொல்லித் தந்தாய்.

இன்னொன்று. 25ஆம் தேதி மாடசாமி ஊத்துக்கல் லயத்தில்தான் குடியிருந்தார். நோட்டீஸ் 28ஆம் தேதி மாலை வரை. ஏழாம் விதியை எழுத்துப்படி பார்த்தாலும் நீங்கள் காலி என்று சொன்ன அன்று அந்த இடம் காலியாக இல்லை. தேதியைப் பார்க்க ஒருவருக்கும் பொறுமை இருக்கவில்லை.

நேற்று நான் அங்கே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் லயத்துச் சனம் முழுவதும் இருந்தது. மாடசாமி தகரப் பெட்டியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். பரிமளம் அடுப்புக் கல்லைப் பெயர்த்து வாசலில் வைத்தார். "கொண்டு போறீங்களா?" என்று கேட்டேன். "இல்ல நானா. அடுத்து வர்றவ என் அடுப்புல சமைக்க வேணாம்னு எடுத்தேன்" என்றார்.

வீரசிங்கம் அப்போது வந்தார். கோட்டும் தலைப்பாகையுமாக. "மாடசாமி போறான். இனிமே சபைக்கு நான் போறேன். கையத் தூக்குங்க, பேப்பர்க்காரரும் இருக்காரு, பாத்துக்கட்டும்" என்றார்.

ஒரு கையும் எழவில்லை. அவர் இரண்டாம் தரம் சொன்னார். ஒரு குழந்தை மட்டும் தூக்கியது. அதன் தாய் அதைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

கொழுந்து எடுக்கும் லீலா என்ற பெண் முன்னால் வந்தார். "மாடசாமி அண்ணனுக்கு யாரு கை?" என்று கேட்டார். வரிசையாக எழுந்தன. நான் எண்ணவில்லை. எண்ண வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"அவன் இங்க குடியில்ல. விதி இருக்கு தெரியுமா ஒனக்கு?" என்றார் வீரசிங்கம்.

"பொழுது சாயுற வரைக்கும் குடிதானுங்களே, கங்காணி? தொர எழுதுன நோட்டீசுல அப்புடித்தானே இருக்கு" என்றார் லீலா.

லயத்துச் சனம் சிரித்ததை நான் கேட்டேன். மாடசாமி சிரிக்கவில்லை. கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டார்.

மாலை ரயிலில் இருவரும் தெமோதரையிலிருந்து பண்டாரவளைக்குப் போனார்கள். அங்கிருந்து பூனாகலை. பரிமளத்தின் தம்பி லயத்தில் தற்காலிகமாக இடம் கொடுத்திருக்கிறார். பூனாகலையில் வேலைக்குப் பேர் பதிய முயற்சி செய்கிறார்கள். பத்துச்சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தேன். "வேலையில் ஒழுங்கில்லை." ரயில் பெட்டியில் ஏறும்போது மாடசாமி, "பொதுக்கூட்டத்துக்கு வருவேன்னு வடிவேல் மொதலாளிகிட்ட சொல்லிருங்க. நடந்தாச்சும் வருவேன்" என்றார். சொல்லிவிட்டேன்.

மலருக்கான கட்டுரை இத்துடன் இருக்கிறது. பொறுப்பாளர்கள், பிரதிநிதிகள் இரண்டு பகுதியும் சேர்த்தே அனுப்புகிறேன். ஒன்றை மட்டும் அச்சடிப்பதானால் என் பெயரை எடுத்துவிடு. முழுவதுமாக எங்கள் பத்திரிகையில் வந்துவிடும்.

முடிவாகாமல் இருப்பவை: நேற்று லயத்தில் எழுந்த கைகளைச் சபை ஒப்புக்கொள்ளுமா என்பது. உன் சட்டைப் பையில் இருக்கும் காகிதம் வெளியே வருமா என்பது. இரண்டும் மார்ச் 25ஆம் தேதிப் பொதுக்கூட்டத்தில் தெரியும். நாட்காட்டியில் பார்த்தேன். அதற்குள் பூனாகலையில் வேலை கிடைத்துவிட்டால், அன்றைக்கும் மாடசாமிக்குப் பெரட்டு இருக்கும். வியாழக்கிழமை.

ஜுனைதீன்